உப்பில்லாத ஒன்பது நாள்

குருவிடம் எல்லோரும் கேள்வியோடு வருவார்கள். வைஜயந்தி அந்த வெள்ளிக்கிழமை பதினோரு மணிப் பஸ்ஸில் ஒரு பையோடு வந்து இறங்கினாள்.

மடம் என்றதும் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். கரும்புக்காட்டுக்கு நடுவே ஓடு வேய்ந்த ஒரு நீளக் கட்டடம், ஒரு கிணறு, நாலு கொய்யா மரம், எட்டுப் பேர். வந்து போகிறவர்களுக்குச் சாப்பாடு இலையில். தங்குகிறவர்கள் சொந்தத் தட்டு கொண்டுவர வேண்டும். அது ஒன்றுதான் விதி.

வைஜயந்தி மூன்று வருஷமாக வெள்ளிக்கிழமை தவறாமல் வந்து, காய் நறுக்கிக் கொடுத்து, இலையில் சாப்பிட்டு, நாலு மணிப் பஸ்ஸில் திரும்பிப் போகிறவள். தட்டு கொண்டுவந்தது அன்றுதான்.

குருவுக்கு அவளைவிடப் பத்து வயது குறைவு. ஒருகாலத்தில் தாலுகா ஆபீசில் டைப்பிஸ்ட். மற்றவர்கள் அவரை அம்மா என்பார்கள். அவர் வைஜயந்தியை அக்கா என்பார். ஐம்பத்தொரு வயதுச் சிஷ்யைக்கு இது கொஞ்சம் கூச்சம்தான். அன்றைக்குக் கூச்சப்பட அவளுக்கு நேரமில்லை.

"பையில என்னங்க்கா?"

"நாலு சேலை. பிரஷர் மாத்திரை. தட்டு."

"வீட்டுக்காரர்?"

"அவர் பையில அடங்க மாட்டாருங்க."

குரு சிரிக்கவில்லை. பக்கத்தில் கிடந்த பெஞ்சைக் காட்டினார். வைஜயந்தி உட்கார்ந்து, பையைத் திறந்து, தட்டை எடுத்துக் காட்டினாள். கனமான எவர்சில்வர். விளிம்பில் அவள் பெயர் வெட்டியிருந்தது. கல்யாணச் சீரில் வந்த ஜோடித் தட்டில் ஒன்று. இன்னொன்றில் பூபதி என்று வெட்டியிருக்கும். அதில் அவள் புருஷன் மூன்று வேளையும் சாப்பிடுகிறார். இவள் பெயர் வெட்டியது இருபத்தேழு வருஷமாக இட்லி மாவுப் பாத்திரத்துக்கு மூடி.

"நான் இனி இங்கயே இருந்துக்கறனுங்க."

"என்னாச்சு?"

"ஒண்ணுமே ஆகலைங்க. அதுதான் ஆச்சு."

பெங்களூரில் இருக்கும் மகள் போனில் ஒரு பட்டியல் அனுப்பியிருந்தாள். கல்யாணமானவர்கள் வாரத்தில் ஒரு சாயங்காலத்தைத் தங்களுக்கென்று ஒதுக்க வேண்டுமாம். டேட் நைட் என்று பெயர். கட்டின புருஷனோடு பேசுவதற்கு அப்பாயின்ட்மென்ட்டா என்று அலுத்துக்கொண்டாலும் வைஜயந்தி அந்தப் பட்டியலை நாலு தடவை படித்தாள். மகள் கூடவே பத்து நிமிஷச் சமையல் என்று வீடியோக்களும் அனுப்பியிருந்தாள். பத்து நிமிஷம் என்று வீடியோவில் சொல்கிறவள் வெங்காயத்தை யாரோ நறுக்கிக் கொடுத்த பிறகுதான் கடிகாரத்தைப் பார்க்கிறாள். அதையும் பொறுத்துக்கொண்டாள்.

முதல் வாரம் மொட்டை மாடி. பாய் விரித்து, மெழுகுவத்தி ஏற்றி, பன்னீரை மிளகுத்தூளில் புரட்டி வறுத்து எடுத்துப் போனாள். பூபதி மோட்டார் பம்ப் கடையைச் சாத்திவிட்டு வந்து படியேறினார். "கரண்ட் போயிருச்சா?" என்றார். இல்லை என்றாள். அவர் மெழுகுவத்தியை ஊதி அணைத்துவிட்டு லைட்டைப் போட்டார்.

இரண்டாவது வாரம் சேர்ந்து சமைப்பது. அவரிடம் பச்சைப் பட்டாணியைக் கொடுத்து உரிக்கச் சொன்னாள். ஒரு கிலோவையும் உரித்தார். சொத்தையைத் தனியாகக்கூட வைத்தார். "முடிஞ்சுது" என்று சொல்லிவிட்டு நியூஸ் பார்க்கப் போய்விட்டார்.

மூன்றாவது வாரம் ஒருவரை ஒருவர் கேள்வி கேட்பது. என்கிட்ட உங்களுக்கு ரொம்பப் பிடிச்சது எது என்று கேட்டாள். அவர் யோசித்தார். நிஜமாகவே யோசித்தார், அதைச் சொல்லத்தான் வேண்டும். அதற்குள் காலிங்பெல் அடித்தது. யாருக்கோ தோட்டத்தில் மோட்டார் கருகிவிட்டதாம். கிளம்பிப் போனார். கேள்வி டைனிங் டேபிள் மேலேயே கிடந்தது.

"நாலாவது வாரம்?" என்றார் குரு.

"நாலாவது வாரம் நான் உப்புப் போடறத நிறுத்திட்டனுங்க."

"எதுல?"

"எல்லாத்துலயும். சாம்பார், பொரியல், ரசம், ஒண்ணுலயும் ஒரு கல்லு உப்புக் கிடையாது. ஒம்போது நாள். நானும் அதையேதான் தின்னேன், ஊறுகாயத் தொட்டுக்கிட்டு."

"அவர் என்ன சொன்னார்?"

"ரெண்டாந்தரம் சாம்பார் கேட்டாருங்க! நான் கரண்டியோட நின்னுட்டு இருக்கேன். இவர் பாட்டுக்கு 'இன்னும் கொஞ்சம் ஊத்து'ங்கறார். அந்தக் கரண்டியாலயே ஒண்ணு போடலாமான்னு இருந்துது."

"போட்டீங்களா?"

"சாம்பாரத்தான் போட்டேன்."

வைஜயந்தி முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். அழுகை என்று யாரும் நினைத்துவிடக் கூடாது என்கிற மாதிரி அழுத்தித் துடைத்தாள்.

"அந்த வீட்டுல நானும் ஒண்ணு, மிக்ஸியும் ஒண்ணுங்க. மிக்ஸியாச்சும் சத்தம் போட்டா திரும்பிப் பாப்பார்."

"சாப்பிட்டுட்டுப் பேசலாம்" என்று குரு சமையல்கட்டுக்குள் போனார்.

அன்று குருவே ஆக்கிப் பரிமாறினார். சோறு, கீரைக் கூட்டு, ரசம். வைஜயந்திக்கு ஒரு இலை, எதிரே தனக்கு ஒரு தட்டு. இருவரும் பேசாமல் சாப்பிட்டார்கள். வைஜயந்தி ஒரு பருக்கை மிச்சம் வைக்காமல் இலையை மூடினாள்.

"எப்படி இருந்துதுங்க்கா?"

"நல்லா இருந்துதுங்க."

"உப்பு?"

வைஜயந்தி கொஞ்ச நேரம் மூடிய இலையைப் பார்த்தாள்.

"இல்லைங்க."

"எப்பத் தெரிஞ்சுது?"

"மொத வாயிலயே."

"சொல்லலையே?"

"உங்ககிட்டப் போய் எப்படிங்க சொல்றது?"

குரு தன் தட்டைக் கழுவ எழுந்தார். வைஜயந்தி விடவில்லை, கிணற்றடி வரைக்கும் பின்னாலேயே போனாள்.

"நீங்க என்ன சொல்ல வர்றீங்கன்னு தெரியுதுங்க. அவங்க வீட்டு வழக்கம் எனக்குத் தெரியாததில்ல. சோத்து முன்னால உக்காந்துட்டு வாயத் தொறக்கக் கூடாது. எங்க மாமனார், ரசத்துல புளி ஜாஸ்தின்னு சொன்ன சொந்தத் தம்பியப் பாதிச் சாப்பாட்டுல எந்திரிக்க வெச்சவர். நல்லா இருக்குன்னு சொன்னாலும் குத்தம். அப்ப நேத்து நல்லா இல்லையான்னு கேப்பார். அங்க வளந்தவர்தான் இவர்."

"தெரிஞ்சும் உப்புலயா பரீட்சை வெச்சீங்க?"

"இருபத்தேழு வருஷமுங்க! உப்பே இல்லாத சாம்பாருக்குக்கூட ஒரு வார்த்த வரலீன்னா, அப்புறம் எதுக்குங்க வரும்?"

"நீங்க கேட்டீங்களா?"

"நானே கேட்டா அது பரீட்சையாங்க?"

குரு தட்டைக் கவிழ்த்து வைத்தார்.

"மாத்திரைய மட்டும் எடுத்துக்குங்க, பை இங்க இருக்கட்டும். அவர் சாப்பிட்டு எந்திரிச்சுக் கை கழுவினதுக்கப்புறம் கேளுங்க. கேட்டுட்டு வாங்க, இங்கயே இருந்துக்கலாம்."

ஞாயிற்றுக்கிழமை கடை லீவு. மத்தியானச் சாப்பாட்டுக்கு வைஜயந்தி கத்தரிக்காய் சாம்பார் வைத்தாள், உப்பில்லாமல். பூபதி சாப்பிட்டார். இரண்டாந்தரம் ஊற்றச் சொன்னார். எழுந்து போய் வாஷ்பேசினில் கை கழுவினார். அவள் கரண்டியைக்கூடக் கீழே வைக்காமல் பின்னால் போய் நின்றாள்.

"ஏனுங்க, சாம்பார் எப்படி இருந்துது?"

வீட்டுக்கு ரெய்டு வந்தவர்களைப் பார்ப்பதுபோல அவளைப் பார்த்தார்.

"ஏன், என்னாச்சு?"

"உப்பு இருந்துதா?"

பூபதி துண்டில் கை துடைத்தார். துடைத்து முடிந்த கையையே மறுபடியும் துடைத்தார்.

"இல்லையா?" என்றார்.

"என்ன இல்லையாங்கறீங்க? தின்னது நீங்கதான?"

"எனக்குத் தெரியல, வைஜி."

அவர் வைஜி என்று கூப்பிட்டு வருஷக்கணக்காகிவிட்டது. வைஜயந்திக்கு அதுதான் முதலில் பயமாக இருந்தது.

"அந்தக் காய்ச்சல் வந்துதல்ல, வீட்டையே அடச்சு வெச்சாங்களே. அப்பப் போனது. திரும்பி வரல."

"எது?"

"ருசிதான்."

நாலு வருஷம். வைஜயந்திக்கு நாலு வருஷத்துத் தேங்காயும் ஒன்றாகக் கண்ணுக்கு முன்னால் வந்து குவிந்த மாதிரி இருந்தது. தீபாவளிக்குத் தீபாவளி கிண்டிய அல்வா. மழை நாளில் கேட்காமலே போட்டுக் கொடுத்த பஜ்ஜி. போன மாதப் பன்னீர்.

"டாக்டரப் பாத்தீங்களா?"

"ரெண்டு பேத்தப் பாத்தேன். வந்தா வரும்னாங்க. போன வருஷம் போனப்ப, இனி வராதுன்னுட்டாங்க."

"எங்கிட்டச் சொல்லல."

"அஞ்சு மணிக்கே எந்திரிச்சுத் தேங்கா துருவிட்டு இருக்கறவகிட்ட என்னன்னு சொல்றது?"

"அப்புறம் என்னத்துக்கு ரெண்டாந்தரம் ஊத்தச் சொல்றீங்க?"

பூபதி துண்டைக் கொடியில் போட்டார். மடிப்பை நீவிவிட்டார்.

"நீ கரண்டியோட நின்னுட்டு இருக்கறயே."

அவ்வளவுதான். உள்ளே போய் டிவியைப் போட்டார்.

வைஜயந்தி அங்கேயே நின்றாள். சண்டை வந்தால் சொல்ல வேண்டியவை என்று இருபத்தேழு வருஷமாகக் கூர் தீட்டி வைத்திருந்தாள். அதில் ஒன்றுகூட இதற்குப் பொருந்தவில்லை. கரண்டியில் ஒட்டியிருந்த சாம்பார் காய்ந்துகொண்டிருந்தது.

வெள்ளிக்கிழமை பதினோரு மணிப் பஸ்ஸில் வெறுங்கையோடு மடத்துக்கு வந்தாள். நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னாள். குரு அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டே கேட்டார்.

"இனி நான் சமச்சாலும் ஒண்ணு, மெஸ்ஸுல வாங்கினாலும் ஒண்ணுங்க."

"ஆமாங்க்கா."

"நாலு வருஷமா அவருக்குன்னு நெனச்சு நான் ஆக்கியிருக்கேன். எனக்குன்னு நெனச்சு அவர் தின்னிருக்கார். ரெண்டு பேர்ல ஒருத்தர் வாய்க்கும் ஒண்ணும் போய்ச் சேரல."

"ஆமாங்க்கா."

"நீங்க வேற சும்மா ஆமா போட்டுட்டு இருக்கறீங்க!"

"பொய் சொல்லட்டுங்களா?"

கொய்யா மரத்தில் அணில் ஒன்று பழத்தைக் கடித்துக் கடித்துக் கீழே போட்டது.

"இது சரியாகுங்களா?" என்றாள். சத்தம் இறங்கிவிட்டது.

"ஆகாது."

குரு ஒரு கல்லை எடுத்து வாசலில் எறிந்தார்.

"திங்கக்கெழம என்ன சமையல்?"

"முருங்கைக்காய்ச் சாம்பார்."

"உப்பு?"

"போட்டேன்."

"அவர்?"

வைஜயந்தி கையைப் பிசைந்தாள்.

"ரெண்டாந்தரம் ஊத்தச் சொன்னார்."

"நீங்க?"

"கரண்டியோட நின்னேன்."

"எல்லாம் தெரிஞ்சதுக்கப்புறமா?"

"எல்லாம் தெரிஞ்சதுக்கப்புறந்தான். அவருக்கும் தெரியும், எனக்குத் தெரியும்னு. ஒரு பேச்சும் இல்ல. அவர் கேட்டார், நான் ஊத்தினேன்."

"நேத்து?"

"நேத்தும்."

குரு முறத்தைக் கீழே வைத்தார். பெஞ்சுக்கு அடியில் கைவிட்டு, ஒரு வாரமாக அங்கே கிடந்த பையை இழுத்து, இருவருக்கும் நடுவில் வைத்தார்.

"நான் எங்கங்க இருக்கட்டும்?" என்றாள் வைஜயந்தி. "இங்கயா, அங்கயா? அதையாச்சும் சொல்லுங்க."

"நீங்க நிக்கறத நிறுத்திட்டு ஒரு நாளைக்கு உக்காந்தீங்கன்னா, அவர் ரெண்டாந்தரம் கேக்க மாட்டார். பசிக்கு நாலு வாய் தின்னுட்டு எந்திரிச்சுருவார். அவ்வளவுதான் அவருக்கு வேணும். நாளைக்கும் அவ்வளவுதான். நீங்க என்ன ஆக்கி வெச்சாலும் அவ்வளவுதான்." குரு அவள் முகத்தைப் பார்த்தார். "அத எதுத்தாப்புல உக்காந்து பாக்க முடியுங்களாக்கா?"



வைஜயந்தி பையின் ஜிப்பைத் திறந்தாள். தட்டை மட்டும் வெளியே எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். ஜிப்பை மூடினாள். பையைக் காலால் மெல்லத் தள்ளி, பெஞ்சுக்கு அடியில் பழைய இடத்துக்கே அனுப்பினாள்.

தட்டோடு அவள் ஏறப்போகிற நாலு மணிப் பஸ்ஸுக்கு இன்னும் நேரமிருந்தது. குரு மறுபடியும் கேட்கவில்லை.