வைத்தியர் கேட்ட இரண்டு கேள்வி

கடல் தண்ணீர் இன்றைக்குக் கரிக்கிற அளவுக்குக் கரிக்காத காலம் அது என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்போது நீலந்துறை என்று ஒரு பட்டினம் இருந்தது. பட்டினத்துக்கு ஓர் அரசன். அரசனுக்கு ஒரு வைத்தியர். அவர் பெயர் தாண்டவனார்.

தாண்டவனார் நாடி பிடித்துச் சொன்னால் சொன்னதுதான். புகழ்ச்சிக்கு மயங்க மாட்டார், மிரட்டலுக்குப் பயப்பட மாட்டார், பரிசுக்கு இளக மாட்டார். ஊரே அப்படிச் சொன்னது. ஊர் சொன்னால் பரவாயில்லை ஐயா, அவரும் அப்படித்தான் சொல்லிக்கொண்டார்! வினை அங்கேதான் ஆரம்பித்தது.

மழைக்காலம் வந்தால் நீலந்துறையில் குளிர்காய்ச்சல் வரும். அரண்மனைக்குப் பின்னால் பெரிய நிலவேம்புக் கொல்லை இருந்தது. யார் வேண்டுமானாலும் போய் ஒரு பிடி பறித்து வரலாம். காய்ச்சிக் குடித்தால் கசப்பில் கண்ணீர் வரும், சில நாளில் காய்ச்சல் போகும். சிலருக்குச் சீக்கிரம் போகும், சிலருக்கு மெதுவாகப் போகும்.

அந்த வருஷம் சாத்தப்பச் செட்டியாரின் கப்பலில் புது மருந்து ஒன்று வந்து இறங்கியது. கருங்குளிகை என்று பெயர். மிளகளவு உருண்டை, கசப்பே கிடையாது. செட்டியார் ஏமாற்றுக்காரர் இல்லை. அந்த மருந்தை மனசார நம்பினார். தனக்குக் காய்ச்சல் வந்தபோது அதைத்தான் போட்டுக்கொண்டார்.

அரசன் தாண்டவனாரைக் கூப்பிட்டான். "காய்ச்சல்காரர் முப்பது பேருக்குக் கஷாயம் கொடும். முப்பது பேருக்குக் குளிகை கொடும். ஏழாம் நாள் போய்ப் பாரும். எது மேல் என்று அவையில் வந்து சொல்லும். குளிகைதான் மேல் என்றால் இனி ஊருக்கெல்லாம் அதுவே போதும். நிலவேம்புக் கொல்லையை அழித்துக் குதிரைக் கொட்டில் கட்டிவிடுகிறேன்" என்றான்.

கப்பல் வருஷத்துக்கு ஒருமுறைதான் வரும். புயல் அடித்தால் வராமலும் போகும். கொல்லையும் இல்லாமல், கப்பலும் வராமல் போனால் ஊர் என்னாகும்? அரசனுக்கு அது தோன்றவில்லை. அவனுக்குக் குதிரைப் பைத்தியம்.

மறுநாள் காலையில் வைத்தியர் வீட்டு வாசலில் தட்டு வரிசை வந்து இறங்கியது. செட்டியாரும் அவர் மனைவி உமையாளும் வந்திருந்தார்கள். வைத்தியரின் ஒரே மகள் குமுதவல்லியைத் தங்கள் மகன் கண்ணப்பனுக்குக் கேட்டார்கள். நல்ல குடும்பம், நல்ல பையன். பெண்ணுக்கும் இஷ்டம். இரண்டு வருஷமாகவே இஷ்டம் என்பது அப்பாவுக்கு மட்டும்தான் தெரியாது. உடனே தாம்பூலம் மாற்றிக்கொண்டார்கள்.

வைத்தியருக்கு மனசு ஒரு நொடி உறுத்தியது. சம்பந்தியாகப் போகிறவரின் மருந்தை நானே சோதிக்கலாமா என்று நினைத்தார். அடுத்த நொடியே, "சே, என் கை யாருக்காகவும் சாயாது" என்று சொல்லிக்கொண்டு மேல்துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டார்.

அறுபது பேருக்கும் மருந்து கொடுத்தார். ஏழாம் நாள் வீடு வீடாகப் போனார். ஒவ்வொருவரிடமும் கேட்டு ஓலையில் குறித்துக்கொண்டார். குளிகை சாப்பிட்டவர்களில் இருபத்துநாலு பேருக்குக் காய்ச்சல் விட்டிருந்தது. கஷாயம் குடித்தவர்களில் பதின்மூன்று பேருக்குத்தான் விட்டிருந்தது. வைத்தியருக்கு ஏக சந்தோஷம். அன்றைக்கு மத்தியானம் இரண்டு பணியாரம் கூடவே சாப்பிட்டார்.

சாப்பிட்டுவிட்டு உப்பளத்துப் பக்கம் போனார். அங்கே பேச்சி உப்பு வாரிக்கொண்டிருந்தாள். கஷாயம் குடித்த முப்பது பேரில் அவள் ஒருத்தி. காய்ச்சல் விடவில்லை என்று ஓலையில் எழுதப்பட்டவள். அவளை அங்கே பார்த்ததும் வைத்தியர் திகைத்து நின்றார்.

"என்னம்மா, காய்ச்சலோட வேலைக்கு வந்துட்டே?"

"எனக்குக் காய்ச்சல் விட்டு ரெண்டு நாளாச்சுய்யா."

"காலையில கேட்டப்போ இருக்குன்னியே!"

பேச்சி உப்புப் பலகையைக் கீழே வைத்தாள். "சொன்னாக் கோவிச்சுக்கக் கூடாது. பக்கத்து வீட்டு இருளாயிக்கு நீங்க குளிகை குடுத்தீங்க. அவகிட்டச் சிரிச்ச முகமா, 'என்னம்மா, காய்ச்சல் விட்டுருச்சா?'ன்னு கேட்டீங்க. எங்கிட்ட வந்து மூஞ்சியச் சுளிச்சுக்கிட்டு, 'என்ன, காய்ச்சல் இன்னும் இருக்கா?'ன்னு கேட்டீங்க. பெரிய மனுசர் வீடு தேடி வந்து இருக்கான்னு கேக்குறாரு, இல்லைன்னு சொன்னா மரியாதையா இருக்குமா? இருக்குய்யான்னேன். அவளும் மரியாதைக்கு விட்டுருச்சுய்யான்னா. பாவி மக, இன்னும் போர்வைக்குள்ள நடுங்கிக்கிட்டுக் கெடக்கா!"

வைத்தியர் முதலில் சிரித்தார். அப்புறம் நேரே இருளாயி வீட்டுக்குப் போய்க் கையைத் தொட்டுப் பார்த்தார். கொதித்தது. வண்ணார் தெருவில் ஒரு வீட்டுக்குப் போனார். அங்கேயும் அதே கதை. செக்குமேட்டில் ஒரு வீட்டுக்குப் போனார். அங்கேயும் அதே கதை. குளிகைக்காரரிடம் எல்லாம் விட்டுருச்சா என்று கேட்டிருக்கிறார், கஷாயக்காரரிடம் எல்லாம் இருக்கா என்று கேட்டிருக்கிறார். நம் ஜனங்களுக்கு மரியாதை ரொம்ப ஜாஸ்தி. வைத்தியர் வாயில் எது வந்ததோ அதையே முக்கால்வாசிப் பேர் அவருக்குத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள்.

வைத்தியர் முகத்தில் ஈயாடவில்லை. "பொய் சொல்லியிருந்தால் என்னை நானே பிடித்திருப்பேன். நான் பொய்யே சொல்லவில்லையே! பிறகு எப்படி இப்படி ஆச்சு?" என்று வழியெல்லாம் புலம்பிக்கொண்டு நடந்தார்.

உடம்பு சரியில்லை என்று அவைக்குப் போகாமல் இருந்துவிடலாமா என்று யோசித்தார். கணக்கைக் கொஞ்சம் முன்னே பின்னே திருத்தி எழுதிவிடலாமா என்று யோசித்தார். உள்ளதைப் போட்டு உடைத்துவிடலாமா என்று யோசித்தார். உடைத்தால் செட்டியாருக்கு மானக்கேடு. பெண்ணின் கல்யாணம் நின்றே போகும்.

வீட்டில் குமுதவல்லி முறத்தில் திப்பிலி காயவைத்துக்கொண்டிருந்தாள். அப்பா எல்லாவற்றையும் ஒன்று விடாமல் சொன்னார். அவள் கண்ணில் நீர் முட்டியது.

"எனக்கு அவரை ரொம்பப் பிடிச்சிருக்குப்பா."

"தெரியும்மா. இப்பத்தான் தெரியுது."

"சொன்னா கல்யாணம் நின்னுடுமா?"

"நின்னாலும் நிக்கும்."

குமுதவல்லி கொஞ்ச நேரம் திப்பிலியைப் புரட்டிக்கொண்டே இருந்தாள். அப்புறம் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "சொல்லாம விட்டு நான் அந்த வீட்டுக்குப் போனா, ஊர்ல யாருக்குக் காய்ச்சல் வந்தாலும் எனக்குச் சோறு இறங்காதுப்பா. போய்ச் சொல்லிடுங்க" என்றாள். சொல்லிவிட்டு ஓவென்று அழுதாள். அழத்தானே செய்வாள், அவளும் பெண்தானே, கல்லா?

மறுநாள் அவை கூடியது. நீலந்துறை அவையில் ஒரு வழக்கம் உண்டு. யார் தீர்ப்புச் சொல்ல எழுந்தாலும், "உமக்கு இதில் சம்பந்தம் உண்டா?" என்று ஓலை எழுதுகிற அதிகாரி கேட்க வேண்டும். எழுந்தவர் "இல்லை" என்று சொல்ல வேண்டும். எந்தக் காலத்திலோ நல்ல எண்ணத்தோடு ஏற்படுத்திய வழக்கம்தான். ஆனால் நாளாவட்டத்தில் அது தொண்டையைச் செருமுகிற மாதிரி ஆகிப்போனது. அதிகாரி கேட்பார், பதில் வருவதற்கு முன்பே "இல்லை" என்று தானே எழுதிக்கொள்வார்.

அன்றைக்கும் கேட்டார். எழுதியும் விட்டார்.

"உண்டு" என்றார் தாண்டவனார்.

அதிகாரி அடுத்த ஓலையை எடுத்துக்கொண்டிருந்தார். தாண்டவனார் குரலை உயர்த்தினார். "உண்டு என்று சொன்னேன் ஐயா! குளிகைக்குச் சொந்தக்காரர் எனக்குச் சம்பந்தி ஆகப் போகிறவர். இதைவிடச் சம்பந்தம் வேறென்ன வேண்டும்?"

தாண்டவனார் தாம்பூலம் மாற்றியதைச் சொன்னார். இரண்டு விதமாகக் கேள்வி கேட்டதைச் சொன்னார். ஓலையைக் கிழித்துப் போடாமல் அரசன் முன்னால் வைத்து, "இதை நம்ப வேண்டாம்" என்றார்.

அரசனுக்குக் கோபம். "அப்படியானால் எது மேல்?"

"எனக்குத் தெரியாது அரசே. நான் நல்லவன் என்கிற நினைப்பிலேயே கோட்டை விட்டுவிட்டேன். வேறு ஒருவர் முதலிலிருந்து பார்க்க வேண்டும்."

"ஊரில் மற்ற வைத்தியர்கள் எல்லோரும் உம்மிடம் படித்தவர்கள். உம் முகத்தைப் பார்த்துத்தான் பேசுவார்கள். வேறு யார் இருக்கிறார்கள்?"

"மாட்டு வைத்தியர் அழகுக்கோன் இருக்கிறார்."

அவை கொல்லென்று சிரித்தது. தாண்டவனார் சிரிக்கவில்லை. "அவருக்குச் செட்டியாரையும் தெரியாது, என்னையும் பிடிக்காது. முக்கியமாக, அவர் நோயாளியிடம் வாயைக் கொடுத்துப் பழகாதவர்" என்றார்.

அழகுக்கோனைக் கூட்டி வந்தார்கள். "மாடு வாயைத் திறந்து பதிலா சொல்லப்போகுது? நான் தொட்டுப் பார்ப்பேன், தீனி எடுக்குதான்னு பார்ப்பேன், எழுந்து நடக்குதான்னு பார்ப்பேன். அவ்வளவுதான் எனக்குத் தெரியும்" என்றார் அவர்.

"அதுதான் வேண்டும்" என்றார் தாண்டவனார்.

இன்னொரு காரியமும் செய்தார்கள். கஷாயத்தைச் சுண்டக் காய்ச்சி உருண்டையாக்கினார்கள். இரண்டு மருந்துக்கும் மேலே கருப்பட்டி பூசினார்கள். எது எது என்று கொடுத்தவருக்கும் தெரியாது, வாங்கியவருக்கும் தெரியாது. யாருக்கு எது போனது என்கிற ஓலை மட்டும் அரசனின் பெட்டிக்குள் முத்திரையோடு இருந்தது.

புதிதாகக் காய்ச்சல் கண்ட அறுபது பேரை அழகுக்கோன் ஏழு நாள் தொட்டுப் பார்த்தார், சோறு தின்கிறார்களா என்று பார்த்தார், எழுந்து நடக்கிறார்களா என்று பார்த்தார். யாரிடமும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. இரண்டொரு பேரின் பல்லைப் பிடித்துப் பார்த்துத் திட்டு வாங்கினார், அது பழக்கதோஷம். கடைசியில் பெட்டியைத் திறந்தார்கள். குளிகையில் பதினெட்டுப் பேர், கஷாயத்தில் பத்தொன்பது பேர் குணமாகியிருந்தார்கள். இரண்டும் ஏறக்குறைய ஒன்றேதான்.

நிலவேம்புக் கொல்லை பிழைத்தது. கசப்புப் பிடிக்காதவர்கள் குளிகை வாங்கிக்கொள்ளலாம் என்று அரசன் சொன்னான். இனிமேல் அதிகாரி கேள்வி கேட்டுவிட்டுப் பதில் வரும்வரை எழுத்தாணியைக் கீழே வைத்திருக்க வேண்டும் என்றும் சொன்னான். உண்டு என்பவர் தனக்குத் தெரிந்ததைச் சொல்லலாம், தீர்ப்பு மட்டும் சொல்லக் கூடாது. உண்டு என்று சொல்வதில் வெட்கமும் இல்லை என்று அன்றைக்கே சாசனம் எழுதினார்கள்.

இதெல்லாம் சரி. குமுதவல்லி என்ன ஆனாள் என்றுதானே கேட்கிறீர்கள்? அங்கேதான் வருகிறேன்.

வைத்தியர் உள்ளதைச் சொன்ன அன்றைக்கே செட்டியார் அவையிலிருந்து வீட்டுக்கு வந்து தலைப்பாகையைக் கழற்றி வீசினார். "சபையில என் மானத்தை வாங்கிட்டார். தாம்பூலத்தைத் திருப்பிக் குடுத்துட்டு வந்துடு உமையா!"

உமையாள் புளிக்குக் கொட்டை எடுத்துக்கொண்டிருந்தாள். கையை நிறுத்தாமலே கேட்டாள். "உங்களைத் திருடன்னு சொன்னாரா?"

"இல்லை."

"மருந்து கெட்டதுன்னு சொன்னாரா?"

"இல்லை."

"பின்னே யாரைத்தான் குத்தம் சொன்னாரு?"

"தன்னையேதான் சொல்லிக்கிட்டார்" என்றார் செட்டியார் மெதுவாக.

உமையாள் கைப்புளியைக் கீழே வைத்தாள். "ஏங்க, பெத்த பொண்ணு கல்யாணமே நின்னு போகும்னு தெரிஞ்சும், நாலு பேர் நடுவுல நின்னு தன் தப்பைத் தானே சொன்ன மனுசன் அவரு. நாளைக்கு நம்ம பேரப்பிள்ளைக்கு ஒண்ணுன்னா, உள்ளதை உள்ளபடி சொல்ல அந்த வீட்டை விட்டா நமக்கு யாருங்க இருக்கா? நீங்க போனாப் போங்க. நான் அந்தப் பொண்ணை விட மாட்டேன்."

செட்டியார் வீசிய தலைப்பாகையைத் தானே போய்க் குனிந்து எடுத்தார். தை மாதத்தில் கல்யாணம் ஜாம்ஜாமென்று நடந்தது. பந்தியில் அழகுக்கோனும் பேச்சியும் அடுத்தடுத்த இலையில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். தாண்டவனார்தான் அவர்களுக்கு நெய் ஊற்றினார்.

கதையைக் கேட்டவர்கள் காதோடு இதையும் வாங்கிக்கொண்டு போங்கள்: தனக்கு வேண்டியவர் காரியத்தில் "நான் நேர்மையானவன்" என்று நம்பித் தானே தீர்ப்புச் சொல்வதைவிட, உறவை ஊரறியச் சொல்லிவிட்டு ஒதுங்கி நிற்பதே உண்மையான நேர்மை.