மேல்பக்கம் வடக்கு

எங்கள் வீட்டுச் சின்ன மாமனார் ஆவுடையப்பன் முப்பது வருஷம் பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவர். அந்த முப்பது வருஷமும் வழி பார்த்தது டிரைவர், விசில் கொடுத்தது இவர். ஆனால் அவர் சொல்லக் கேட்டால், பஸ் அவர் விசிலைப் பிடித்துக்கொண்டுதான் ஊர் ஊராகப் போயிருக்கிறது. இதை நான் அவர் முகத்துக்கு நேரே சொன்னதில்லை. மாமனார் முறை. வந்தால் எழுந்து நிற்பேன், ஏதாவது சொன்னால் தலையாட்டுவேன், அவ்வளவுதான்.

போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் ஊர் மாந்தோப்பில் மேப் ஓட்டம் வைத்தார்கள். நடத்தியது ரெஜினா டீச்சர். என் மகள் கோமு படிக்கிற பள்ளிக்கூடத்தில் விளையாட்டு டீச்சர், தென்காசியிலிருந்து வந்து போகிறவர். ஆளுக்கு ஒரு படம், ஒரு காம்பஸ். தோப்பிலும் அதை ஒட்டின காட்டிலும் பத்து இடத்தில் ஆரஞ்சும் வெள்ளையுமாகக் கொடி கட்டியிருக்கும். படத்தைப் பார்த்து ஒவ்வொன்றாகத் தேடிப் போய்த் திரும்பி வர வேண்டும். இந்த வாரம் பெரியவர்கள் சும்மா ஓடிப் பார்ப்பது. அடுத்த ஞாயிறு பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் நாற்பது பேர் போவார்கள், ஊர் தெரிந்த ஒருவர் அவர்களைக் கூட்டிக்கொண்டு போக வேண்டும். அந்த நாற்பதில் கோமுவும் உண்டு. தோப்புக்கு மேற்கே பழைய கல்குவாரி, இரண்டு பனை ஆழத்துக்குத் தண்ணீர். அதனால் அந்த ஒருவர் யாராக இருக்கும் என்ற கவலை எனக்கு முதல் நாளிலிருந்தே இருந்தது.

படத்தின் தலையில் 'மேல்பக்கம் வடக்கு' என்று அச்சடித்திருந்தது. எங்கள் ஊரில் மேலத்தெரு என்றால் மேற்கே இருக்கிற தெரு, கீழத்தெரு என்றால் கிழக்கே. மேல என்றாலே மேற்கு, மலை நிற்கிற பக்கம். சின்ன மாமா படத்தை வாங்கினதும் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தார். 'வடக்கு' என்பதை அடித்தார். 'மேற்கு' என்று எழுதினார். எழுதிவிட்டுக் கிளம்பியவர், வடக்கே இருந்த கொடிக்கு மேற்கே போனார், கிழக்கே இருந்த கொடிக்கு வடக்கே போனார்.

நான் கைப்பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு, கோமு படத்தை வாசிக்க வாசிக்க நடந்தேன். தினம் புல்லறுக்கிற இடம். ஏழு கொடி அகப்பட்டது. எட்டாவதைத் தேடிப் போனபோது பம்ப்செட் ரூமுக்குப் பின்னால் சின்ன மாமா உட்கார்ந்திருந்தார். அவர் படத்தில் பாதியை ஒரு வெள்ளாடு தின்றுகொண்டிருந்தது.

"மருமவளே, நம்ம ஊருக்கு எந்தப் பக்கம் போணும்?" என்றார்.

அங்கிருந்து, ஓட்டம் கிளம்பின பந்தல் இருநூறு அடி. டீச்சர் மைக்கில் பேசுவது காதில் விழுந்தது. நான் கையைக் காட்டினேன். "இத வெளிய சொல்லிராத, தாயி" என்றார். தலையாட்டினேன்.

பந்தலில் எல்லோருக்கும் எலுமிச்சம்பழச் சாதப் பொட்டலம் கொடுத்தார்கள். பேச்சிக்கனி அக்காதான் ஆரம்பித்தாள். எங்கள் தெருவில் பீடி சுற்றுகிறவள். கை இலையில் இருக்கும், காது ஊருக்குள் இருக்கும்.

"என்ன அண்ணாச்சி, மூணு மணி நேரமா ஆளையே காணும்?"

சின்ன மாமா துண்டை உதறித் தோளில் போட்டார். "முதல்ல ஒண்ணு தெரிஞ்சுக்கோ. படத்துலயே தப்பு. மேல்பக்கம் வடக்காம்! நான் ஒருத்தன் பேனா எடுக்கலைன்னா இன்னைக்கு அம்புட்டு பேரும் காட்டுக்குள்ளதான் கிடப்பிய."

"நாங்க பேனா எடுக்காமதான போயிட்டு வந்தோம்?"

"நான் திருத்தினதுக்கு அப்புறம்லா போனீங்க. ஒரு படத்தத் திருத்தினா மத்த படத்துக்கும் புத்தி வந்துரும்."

பக்கத்தில் நாலு பேர் திரும்பி உட்கார்ந்தார்கள். ஆள் சேர்ந்தால் அவருக்குச் சாதம் இறங்காது, பேச்சு ஏறும்.

"கெளம்பினேன் பாரு ஒரு ஓட்டம்! அந்த வேகத்துல என் நிழலே பின்தங்கிட்டு. புளியமரத்தத் தாண்டித் திரும்பிப் பாக்கேன், 'அண்ணாச்சி, நில்லுங்க, நில்லுங்க'ன்னு மூச்சு வாங்க ஓடி வருது. பாவமா இருந்துச்சு. ஒத்த விசில் கொடுத்து நின்னு, ஏத்திக்கிட்டு, ரெண்டு விசில் கொடுத்துக் கெளம்பினேன்."

"உச்சி வெயில்ல நிழலு காலுக்குள்ள கிடக்கும், அது எங்கிட்டு ஓடி வந்துச்சு?"

"ஓடி வந்த களைப்புலதான் காலுக்குள்ள விழுந்து கிடந்துச்சு. சொல்ல விடுதியா? அங்ஙன பாத்தா, பதினாலு யானை. வழி தெரியாம முழிக்குது. பெரிய யானை என் படத்தத் தும்பிக்கையில வாங்கிப் பாத்துட்டு, ஒண்ணும் புரியலன்னு திருப்பிக் கொடுத்துட்டு."

"அதான் பாதிப் படம் இல்லையா?"

"ஆமா, அது ஒரு ஓரத்த ஞாபகத்துக்கு வச்சுக்கிட்டு. நான் சொன்னேன், 'எல்லாரும் என் பின்னால வாங்க. உள்ள போங்க, உள்ள போங்க, முன்னால எடம் கெடக்கு, படிக்கட்டுல நிக்காதீங்க.' ஒண்ணு வால ஒண்ணு பிடிச்சிட்டு வருது. ஒரு சத்தம் இல்ல."

"டிக்கெட் கொடுத்தீங்களா?"

"கொடுக்காம? பெருசுக்கு முழு டிக்கெட், குட்டிக்கு அரை டிக்கெட். ஒரு குட்டிக்கு டிக்கெட்டே வேண்டாம், மூணு வயசுதான்னு அதோட அம்மைக்காரி சாதிச்சா. நான் விடுவனா? பக்கத்துல நின்னு உசரம் பாத்தேன். என்னைய விட ரெண்டு முழம் கூட!"

பந்தலே சிரித்தது. டீச்சரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். கோமு என் சேலையைப் பிடித்து இழுத்தாள். "அம்மா, தாத்தா நம்மகிட்டல்லா வழி கேட்டாங்க?" நான் அவள் வாயில் ஒரு கவளம் சாதத்தை வைத்தேன்.

"அம்புட்டு யானையோட போனா, மலை குறுக்க நிக்கு. 'கொஞ்சம் ஒதுங்கு, வண்டி நிறைய ஆளு இருக்கு'ன்னேன். ஒதுங்கிட்டு. அப்படியே கேரளாவுல எறங்கி, யானைகள விட்டுட்டு, ஒரு கட்டஞ்சாயா குடிச்சிட்டு வந்தேன். நம்பலைன்னா காத்தப் பாரு. பந்தல் துணி இந்தப் போடு போடுதுல்லா? மலை நின்ன சந்து வழியா வருது."

பேச்சிக்கனி அக்கா எழுந்து மேற்கே எட்டிப் பார்த்தாள். "மலை அங்ஙனயேதான நிக்கு?"

"வரும்போது நான்தான் இழுத்துப் போட்டுட்டு வந்தேன். அரசாங்கச் சொத்து, அப்படியே விட்டுட்டு வர முடியுமா? சரியாப் பொருந்தல. அதான் காத்து ஒழுகுது."

சிரிப்பு அடங்கினதும் டீச்சர் நோட்டைத் திறந்தார். "அடுத்த ஞாயிறு பிள்ளைங்களை யார் கூட்டிட்டுப் போறீங்க?" என்று கேட்டார். அதுவரை கை தட்டின ஆம்பளைகள் எல்லோரும் சாதத்தில் கறிவேப்பிலை தேட ஆரம்பித்தார்கள். சின்ன மாமா கை மட்டும் மேலே போனது.

"நாப்பது பிள்ளைகதான? எம்பது பேர ஒத்த பஸ்ல ஏத்தினவன் நான். என் பேர எழுதுங்க."

"பேச்சு அப்படி இப்படி இருந்தாலும், பிறந்து வளந்த ஊரு. உங்களுக்கு இடம் தெரியும்" என்று டீச்சர் பேனா மூடியைத் திறந்தார். ஆவுடையப்பன் என்று எழுதுவதை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு எழுத்தாக விழுந்தது.

பேச்சிக்கனி அக்கா விடவில்லை. "எழுதுங்க டீச்சர், எழுதுங்க. அண்ணாச்சி, வடக்கு எதுன்னு மட்டும் ஒரு கை காட்டிருங்க."

அவர் காம்பஸை எடுத்து உள்ளங்கையில் வைத்தார். "இந்த முள்ளு எல்லாருக்கும் வடக்கக் காட்டும். என் கையில வந்தா என்னையத்தான் பாக்கும். நான் நடந்தா அதுவும் திரும்பும், நான் உக்காந்தா அதுவும் படுத்துக்கிடும். நான் நிக்க இடம்தான் வடக்கு! பிள்ளைக காம்பஸே கொண்டு வர வேண்டாம். என் முதுகப் பாத்து வரட்டும், அது போதும்."

எல்லோரும் கை தட்டினார்கள். எனக்குக் கை வரவில்லை. அந்த முதுகுக்குப் பின்னால் நாற்பது பிள்ளைகள் வரிசையாக மேற்கே போவதும், குவாரி விளிம்பும்தான் கண்ணில் நின்றது. கூட்டத்தில் நான் இதுவரை வாய் திறந்ததே கிடையாது. இடுப்பில் இருந்த பிள்ளை வேறு தாலிக்கொடியைப் பிடித்து இழுத்தான். எப்படியோ எழுந்துவிட்டேன்.

"டீச்சர்."

எல்லோரும் திரும்பினார்கள். சின்ன மாமா தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக ஆட்டிக் காட்டினார். இந்த ஒரு தடவை அவர் தலையாட்ட, நான் பேசினேன்.

"மாமா பேர எழுதினது எழுதினபடி இருக்கட்டும் டீச்சர். ஆனா கூட்டிட்டுப் போற ஆளுன்னு எழுதாதீங்க. பதினோராவது கொடின்னு எழுதிக்கிடுங்க. பிள்ளைக தேடிக் கண்டுபிடிச்சுப் பழகட்டும். பம்ப்செட் ரூமுக்குப் பின்னால நானும் கோமுவும் இன்னைக்கு ஒரு தடவ கண்டுபிடிச்சாச்சு."

முதலில் பேச்சிக்கனி அக்காவுக்குப் புரையேறியது. அவளைத் தட்டிக்கொடுத்தவர்களுக்கும் ஏறியது. டீச்சர் சிரிக்காமல் அந்தப் பேரை ஒரு கோடு போட்டு அடித்தார்.

"அப்போ பிள்ளைங்களைக் கூட்டிட்டுப் போறது?" என்று என்னைப் பார்த்தார்.

நான் பதில் சொல்வதற்குள் பேச்சிக்கனி அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டே வந்து என் இடுப்புப் பிள்ளையை வாங்கிக்கொண்டாள். "ஞாயித்துக்கிழமை இவன நான் பாத்துக்கிடுதேன், நீ போயிட்டு வா."

சின்ன மாமா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். வீட்டுக்குப் போனதும் இருக்கிறது என்று நினைத்தேன். அவர் துண்டை மறுபடி உதறி, மறு தோளில் போட்டுக்கொண்டு டீச்சரிடம் போனார்.

"பதினோராவதெல்லாம் முடியாது, டீச்சர். என் சர்வீஸுக்கு மரியாதை வேண்டாமா? ஒண்ணாவது கொடின்னு போடுங்க."