ராஜா முகத்துக்கு ஏழு பூச்சு

உங்களுக்கெல்லாம் காலையில் முகம் கழுவ எவ்வளவு நேரம் ஆகும்? ரெண்டு கை தண்ணீர், துண்டில் ஒரு துடைப்பு, அவ்வளவுதானே? வேலங்காட்டு ராஜா மகிழவர்மருக்கு விடியலில் உட்கார்ந்தால் பொழுதே சாய்ந்துவிடும்.

எல்லாம் மதனதாசர் வந்த பிறகுதான். முகப்பொலிவு வைத்தியர் என்று சொல்லிக்கொண்டு நாற்பது சாடிகளோடு வந்து இறங்கினார். அவர் முகம் என்னவோ சுட்ட அப்பளம் மாதிரி இருந்தது. அதை யாரும் கேட்கவில்லை. காலைக்கு ஏழு பூச்சு. பயத்தமாவு, தயிர், சந்தனம் என்று ஒன்றன்மேல் ஒன்று. இரவுக்கு ஐந்து, வெண்ணெயில் ஆரம்பித்து பாதாம் விழுதில் முடியும். பூச்சு காயும்வரை பேசக்கூடாது, சிரிக்கக்கூடாது, வெயிலுக்கும் அடுப்புக்கும் பக்கத்தில் போகக்கூடாது. காலைப் பூச்சைக் கழுவியதும் இரவுப் பூச்சுக்கு நேரம் வந்துவிடும்.

அந்த நாட்டில் ஒரு வழக்கம் உண்டு. ராஜா ஏரிக்கரையில் நின்று, வெயில் முகத்தில் பட, வாய்திறந்து “திற” என்று சொன்னால்தான் மடை திறக்கும். எழுதிக் கொடுத்தாலும் செல்லாது, மந்திரி சொன்னாலும் செல்லாது. ஏரியோ தளும்பி நிற்கிறது. கீழே நாற்றங்கால் பாளம்பாளமாக வெடித்துக் கிடக்கிறது. அதில் ஒரு துண்டு பூமயிலுடையது.

பூமயில் ராஜாவுக்குக் கண்ணாடி பிடிப்பவள். வாய் கொஞ்சம் நீளம். அவள் சொன்னால் மட்டும் ராஜா காதில் ஏறும். இப்போது அந்தக் காதிலும் சந்தனம்.

“ராஜா, நாற்று இன்னும் ரெண்டு நாள்தான் தாங்கும். ஒரு எட்டு கரைக்கு வந்து ஒரு வார்த்தை சொல்லிட்டு வந்துருங்க.”

ராஜா முகத்தில் பூச்சு இன்னும் காயவில்லை. ஓலையில் எழுதிக் காட்டினார்: “ராஜா முகம்தான் நாட்டுக்கு முகம். முதலில் முகம்.”

“வயிறு எப்ப ராஜா?” என்றாள் பூமயில்.

மதனதாசருக்குச் சுருக்கென்றது. “பார்த்தீர்களா பிரபு, நக்கலை! பழகாத வாய் இப்படித்தான் பேசும். அரண்மனைச் சோறு தின்கிற அத்தனை பேருக்கும் பூச்சு போடச் சொல்லுங்கள். அந்தப் பொறுப்பை இவள் தலையிலேயே கட்டுங்கள். ஒரு முகம் விட்டுப்போனாலும் இவள் ஊரைவிட்டே போகட்டும்.”

ராஜா அப்படியே எழுதி முத்திரை குத்தினார். பூமயில் ஓலையை ரெண்டு முறை படித்தாள்.

“அரண்மனைச் சோறு தின்கிற ஒரு உயிர் விடாமலா, ராஜா?”

ராஜா தலையை ஆட்டினார்.

“உத்தரவு” என்று கண்ணாடியைக் கீழே வைத்தாள்.

மறுநாள் காலையில் ராஜா மூன்றாவது பூச்சில் இருந்தார். பலகாரம் வரவில்லை. ஐந்தாவது பூச்சிலும் வரவில்லை. வயிறு உறுமியது. “சமையல்காரன் எங்கே?” என்று எழுதினார்.

“தயிர்ப்பூச்சு காயுது ராஜா. அடுப்புப் பக்கம் போகக்கூடாதே.”

“காவலாளிகள்?”

“வாசல்ல வெயில். எல்லாரும் உள்ளே வரிசையா உட்கார்ந்திருக்காங்க. கோட்டைக் கதவு திறந்தே கிடக்கு. எதிரி வந்தாக்கூட ‘யாருடா’ன்னு கேட்க முடியாது, பேசக்கூடாதில்ல?”

ராஜாவின் எழுத்தாணி நின்றது. அந்த நேரம் பார்த்து வெளியே ஒரே அலறல். மதனதாசர் ஓடிவந்தார். அவர் முகத்திலும் ஐந்து பூச்சு. பூமயில் யாரையும் விட்டுவைக்கவில்லை.

“பிரபு! என் சாடிகள் போச்சு! பட்டத்து யானைக்குப் பூச்சு போடுகிறேன் என்று இவள் நாற்பது சாடியையும் அதன் முன்னால் வைத்துவிட்டாள்! தயிரைக் குடித்துவிட்டது! வெண்ணெயை வழித்துவிட்டது! பாதாம் விழுதை...”

“பேசக்கூடாது தாசரே, பூச்சு வெடிச்சிரும்” என்றாள் பூமயில் அக்கறையாக. “யானையும் தினம் அரண்மனைக் கவளம்தானே தின்னுது? காலைப் பூச்சை முகத்துக்குத்தான் போட்டேன். இரவுப் பூச்சை அதுவே உள்ளுக்கு எடுத்துக்கிச்சு.”

அவருக்குப் பின்னால் யானை வந்து நின்றது. துதிக்கை நுனிவரை சந்தனம், கண்ணைச் சுற்றிப் பயத்தமாவு. மெல்ல எட்டி, தாசரின் கன்னத்திலிருந்த தயிரை ஒரு வழி வழித்தது.

ராஜா பல்லைக் கடித்துப் பார்த்தார். முடியவில்லை. குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். ஐந்து பூச்சும் படபடவென்று வெடித்து மடியில் உதிர்ந்தது. பூமயில் கண்ணாடியை அவர் முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்தாள்.

“நல்லாப் பாருங்க ராஜா. எங்க நாற்றங்கால் இப்ப அச்சு அசல் இப்படித்தான் இருக்கு.”

ராஜாவின் சிரிப்பு நின்றது. கன்னத்துப் பாளம் ஒன்றைக் கையில் எடுத்துப் பார்த்தார். பிறகு அப்படியே எழுந்து, முகத்தைக்கூடத் துடைக்காமல் கரைக்கு நடந்தார். “திற!” என்று அவர் போட்ட சத்தம் ஏழு ஊருக்குக் கேட்டது. பாய்ந்த தண்ணீரில் ரெண்டு கை அள்ளி முகம் கழுவினார். மேல்துண்டில் ஒரு துடைப்பு. முடிந்தது அன்றைய அலங்காரம்.

“பூமயிலு, இனி மடை திறக்கிற நாளை நீ சொல்லு, நான் வந்து நிக்கிறேன்” என்றார். “தாசருக்கும் வேலை உண்டு. யானைக்குக் காலையில் ஏழு, இரவில் ஐந்து. பூச்சு காயும்வரை அவர்தான் பக்கத்தில் இருக்க வேண்டும்.”

மூன்றாம் நாள் யானைக் கொட்டடியிலிருந்து பூமயிலுக்கு ஆள் வந்தது. போய்ப் பார்த்தாள். மதனதாசர் மூலையில் ஒண்டிக்கொண்டிருந்தார். யானை அவர் தலையை முகர்ந்துகொண்டிருந்தது. தாசர் கையெடுத்துக் கும்பிட்டார்.

“அம்மா தாயே, உன் பேச்சை எல்லாரும் கேட்கிறாங்களாமே. பச்சைத் தண்ணியில முகம் கழுவினாலே போதும்னு இந்த யானைகிட்ட நீயாவது ஒரு வார்த்தை சொல்லேன்!”