உறுமிய தங்கச் சிங்கம்

விமானப் பைத்தியம் பிடித்த ராஜா ஒருவர் தன் விமானத்தின் வாலில், சுழலும் விசிறிக்குச் சற்று முன்னால், தங்கச் சிங்கம் ஒன்றைப் புடைப்பாகப் பதித்திருந்தார். விமானத்தை ஒட்டி ஓடிவரும் காற்று அந்தச் சிங்கத்தில் இடறிக் கலங்கி விசிறியில் மோத, வானமே உறுமியது. சிங்கத்தை எடுக்கச் சொன்ன மெக்கானிக் பாதாளச் சிறையில் கிடந்தான்.

"சிங்கத்தைத் தொடாம சத்தத்தை நிறுத்து. இல்லேன்னா உனக்கும் அதே இடம்தான்," என்றார் ராஜா.

புது மெக்கானிக் வேதமுத்து விமானத்தின் வாலை ஒரு சுற்று சுற்றிப் பார்த்தான்.

"உறுமுறது சிங்கம்தான் மகாராஜா. பின்னாலேயே விசிறி கத்தி மாதிரி துரத்துதே."

"என் சிங்கம் பயந்து ஓடுதா?"

"எனக்கு அப்படித் தோணலை. கீழேயிருந்து பார்க்கிற ஜனங்கதான்..."

ராஜாவே சிங்கத்தைப் பெயர்த்தெடுத்தார். விமானம் உறுமாமல் பறந்தது.

"இதை எவனும் முன்னாடியே சொல்லலையே?"

வேதமுத்து கைகூப்பினான். "ஒருத்தன் சொன்னான் மகாராஜா. அவனைத் தாங்கள்தான் பத்திரமா வச்சிருக்கீங்க."