கையைத் தூக்கிய முயல்

குளக்கரை மருத மரப் பொந்தில் ஒரு மைனா மூன்று முட்டைகள் இட்டிருந்தது. போன வருடம் வரை அது ஊர்ப் பள்ளிக்கூடத்தில், ஐந்தாம் வகுப்பின் ஓட்டு இடுக்கில் குடியிருந்தது. ஓட்டைப் பிரித்து கான்கிரீட் போட்டதும் காட்டுக்கு வந்துவிட்டது.

வந்ததே தவிர, மனசு வரவில்லை. "என்ன நாட்கள் அவை!" என்று பெருமூச்சு விடும். ஜன்னல் வெயிலில் பறக்கும் சாக்பீஸ் தூள், நாற்பது பிள்ளைகள் ஒரே குரலில், "நவுன் என்றால் பெயர்! வெர்ப் என்றால் செயல்!" என்று கத்துவது, விஜயராணி டீச்சர் பலகையைத் தட்டும் குடைக்கம்பி. எல்லாம் மைனாவின் கண்முன்னே வந்து வந்து போகும்.

ஏக்கம் தாங்காமல் அதுவே ஒரு வகுப்பைத் தொடங்கிவிட்டது! முயல், அணில், ஆமை மூன்றும் மாணவர்கள்.

"பேச வேண்டுமென்றால் கையைத் தூக்க வேண்டும். நான் கூப்பிட்ட பிறகுதான் வாயைத் திறக்க வேண்டும். ஆங்கிலத்தில் ஒரு சொல், அது என்ன வகை, இவ்வளவு மட்டும்தான் பேச வேண்டும்!" என்றது மைனா.

"அடைகாக்கிற நேரத்தில் பாடம் எதற்கு, டீச்சர்?" என்றது அணில்.

"கையைத் தூக்கினாயா நீ?"

அணில் வாலைச் சுருட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டது.

ஒருநாள் காலை, மரத்துக்கு முதுகைக் காட்டியபடி மைனா பாடம் நடத்திக்கொண்டிருந்தது. முயல் தற்செயலாக நிமிர்ந்து பார்த்தது. ஓர் உடும்பு மருத மரத்தில் ஏறிக்கொண்டிருந்தது! முயல் சட்டென்று முன்னங்காலைத் தூக்கியது.

"பொறு! முதலில் ஆமை சொல்லட்டும். 'ஸ்லோ' என்ன வகை?"

"அட்..." என்றது ஆமை. கொஞ்சம் யோசித்தது. "ஜெக்..." என்றது. மறுபடி யோசித்தது.

முயல் இரண்டு கால்களையும் தூக்கிக்கொண்டு குதித்தது. மைனாவுக்கு உள்ளம் உருகிவிட்டது. "அப்படியே முதல் பெஞ்சு பூங்கோதை!" என்று கண்ணை மூடி, பழைய வகுப்பறையை ஒருமுறை நினைத்துக்கொண்டது. பிறகுதான் கூப்பிட்டது.

"எக்! எக்!" என்று முட்டைக்கான ஆங்கிலச் சொல்லை அலறியது முயல்.

"நவுனா, வெர்பா?"

"நவுன், டீச்சர்!"

"சபாஷ்! எல்லோரும் கைதட்டுங்கள்!"

யாரும் தட்டவில்லை. எல்லோரும் மரத்தையே பார்த்தார்கள். மைனா திரும்பியது. பொந்துக்கு வெளியே உடும்பின் வால் மட்டும் தெரிந்தது!

மைனா பாய்ந்து கொத்தியது. அணிலும் ஓடிவந்து கடித்தது. உடும்பு கீழே விழுந்து புதருக்குள் ஓடியது. பொந்தில் ஒரே ஒரு முட்டை மிச்சம் இருந்தது.

"பார்த்ததும் கத்தியிருக்கக் கூடாதா?" என்று அழுதது மைனா.

பதில் சொல்ல முயல் கையைத் தூக்கியது.

அதைப் பார்த்ததும் மைனாவின் அழுகை நின்றது. "இறக்கு, கண்ணு. உன்மேல் தப்பில்லை" என்றது. "ஒருநாள் பாடத்தின் நடுவே ஒரு பையன், 'பாம்பு!' என்று கத்தினான். டீச்சர் அவனிடம் நவுனா, வெர்பா என்றா கேட்டார்? சாக்பீஸை வீசிவிட்டு, பிள்ளைகளை அள்ளிக்கொண்டு வெளியே ஓடினார். எல்லாம் நினைவிருந்த எனக்கு அது மட்டும் மறந்துபோயிற்றே!"

சொல் எந்த வகை என்று அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்; அதை ஒருவர் எதற்காகச் சொல்கிறார் என்பதையே முதலில் கேட்க வேண்டும்.