சவரிமுத்து சார் எழுதிய தேர்வு

பாலிடெக்னிக்கில் கணக்கு நடத்தும் சவரிமுத்து சாருக்கு ஐம்பத்தாறு வயது. கம்ப்யூட்டர் லேபைப் பார்த்துக்கொள்ளும் பூங்கோதைக்கு இருபத்தொன்பது. ஆன்லைனில் தேர்வு வைக்க அவளிடம் கற்றுக்கொள்ள ஆரம்பித்த நாளிலிருந்து அவள் குரு, அவர் சீடர். "குருவம்மா" என்றுதான் கூப்பிடுவார். முதலில் கூச்சப்பட்டாள். அப்புறம் பழகிப்போனது.

அன்று சாயங்காலம் முகமெல்லாம் சிரிப்பாக வந்தார்.

"குருவம்மா, நாளைக்குப் பத்து மணிக்கு அரியர் தேர்வு. முப்பத்தொரு பேர். இதுல தேறினாத்தான் டிப்ளமா. போன தடவை அத்தனை பேரும் ஒரே விடை, ஒரே தப்பு! இந்தத் தடவை ஒருத்தனும் காப்பி அடிக்க முடியாது. செட்டிங்ஸை மாத்திட்டேன்."

"என்னென்ன சார்?"

"கேள்விக்கு ஒரு நிமிஷம். பின்னால திரும்ப முடியாது. கேள்வியெல்லாம் ஆளுக்கு ஆள் வரிசை மாறி வரும். திரையை விட்டு வெளிய போனா தேர்வு முடிஞ்சுது. இன்னும் எதை இறுக்கலாம், சொல்லுங்க."

பூங்கோதை அவருடைய போனை வாங்கினாள். சோதனைக்கென்று வைத்திருக்கும் மாணவர் பெயரில் அந்தத் தேர்வைத் திறந்து, அவரிடமே நீட்டினாள்.

"எழுதுங்க சார்."

"நானா? கேள்வியே நான் எடுத்ததும்மா!"

"அப்போ சுலபந்தானே."

சட்டைக்கையை மடித்துவிட்டு உட்கார்ந்தார். முதல் கேள்வி வந்தது.

'முந்தைய கேள்வியில் கிடைத்த விடையை மூன்றால் பெருக்குக.'

"முந்தைய கேள்வியா? அப்படி ஒண்ணு வரவே இல்லையே!"

"வரிசை மாறி வருது சார்."

"சரி, அது வந்தப்புறம் இதுக்குத் திரும்பி வரேன்."

"திரும்ப முடியாதே."

அதற்குள் நிமிஷம் ஓடிவிட்டது. அடுத்த கேள்விக்குத் தாளில் விறுவிறுவென்று கணக்குப் போட்டார். விடை வந்தது. திரையில் அதைத் தொடப் போகும்போது போன் அடித்தது. விரல் பழக்கத்தில் பச்சையைத் தொட்டுவிட்டது.

"என்னங்க, வரும்போது முருங்கைக்காய்..."

"ஐயோ ரோசி, பரீட்சையில இருக்கேன்!"

"இந்த வயசுலயா?"

பூங்கோதை வாயைப் பொத்திக்கொண்டாள். அவர் அவசரமாகப் போனை வைத்தார். திரையில் இப்படி நின்றது: 'நீங்கள் வெளியேறியதால் தேர்வு முடிந்தது. மதிப்பெண்: 0.'

"அநியாயம்! நான் காப்பி அடிக்கலையே! இந்தா பாருங்க, விடை தாள்ல இருக்கு!"

அவள் தாளை வாங்கிப் பார்த்தாள்.

"சரியான விடைதான் சார்."

"அப்புறம் எதுக்குப் பூஜ்யம்?"

அவளால் அதற்கு மேல் அடக்க முடியவில்லை. சிரித்துவிட்டாள். அவர் அவளைப் பார்த்தார், போனைப் பார்த்தார், தோள் குலுங்க அவரும் சிரிக்க ஆரம்பித்தார். பக்கத்து அறையிலிருந்து யாரோ எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள்.

சிரித்து ஓய்ந்ததும் நாற்காலியைக் கம்ப்யூட்டர் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டு, செட்டிங்ஸ் பக்கத்தைத் திறந்தார்.

"காப்பியும் அடிக்கக் கூடாது. முப்பத்தொரு பேரும் என்னை மாதிரி மாட்டிக்கவும் கூடாது. எவ்வளவு தூரம் மாத்தலாம், குருவம்மா?"

"நீங்க தேறுற வரைக்கும் சார்."