சிவந்த முட்டை

அருளாயி அம்மாளுக்கு முப்பத்தைந்து வயது. அவருடைய சீடர் குழந்தைவேலுவுக்கு அறுபத்திரண்டு. முப்பது வருடம் பூச்சிமருந்துக் கடை நடத்திவிட்டு, இனி அந்த மருந்தைத் தொடுவதில்லை என்று மடத்துக்கு வந்து சேர்ந்தவர்.

குருபூஜைக்கு இருபது நாள் இருந்தது. முந்நூறு பேர் பந்திக்கு வெண்டைக்காய் தன் பொறுப்பு என்று அவர் வாக்குக் கொடுத்திருந்தார். பாத்தியிலோ இலையெல்லாம் ஓரம் மஞ்சளாகிச் சுருண்டு கிடந்தது.

"தாயே, தத்துப்பூச்சி விழுந்துடுச்சு. ஒரே ஒரு தடவை மருந்து அடிச்சுக்கறேன்."

"யாருக்கு நோய், ஐயா?"

அவர் பாத்தியைக் கைகாட்டினார்.

"சரி, அந்தப் பூச்சியைப் பத்திச் சொல்லுங்க."

பழைய கடைக்காரர் விழித்துக்கொண்டார். "இலை நரம்புக்குள்ள முட்டை வைக்கும். குஞ்சு இலைக்கு அடியில இருந்து சாறு குடிக்கும், நண்டு மாதிரி பக்கவாட்டுல ஓடும். அஞ்சு தடவை சட்டை உரிச்சா றெக்கை வந்துடும். அப்புறம் கை பட்டாலே தத்திப் போயிடும்."

"அதுக்கு எதிரி?"

"என் கடையில அலமாரி முழுக்க இருந்துச்சு."

அம்மாள் சிரித்துவிட்டார். "இப்ப என்ன பண்றீங்க?"

"லென்ஸ் வச்சுப் பாக்கறேன். வெள்ளை முட்டை பொரிய நாளாகும், விட்டுடறேன். பழுத்துச் சிவந்த முட்டை இருக்கற இலையைக் கிள்ளி அடுப்புல போட்டுடறேன். ஒன்பது நாளா, தினம் ஒரு கூடை."

அவர் கிள்ளிவைத்த கூடையிலிருந்து அம்மாள் ஓர் இலையை எடுத்தார். ஒரு கண்ணாடிப் பாட்டிலில் கொஞ்சம் தண்ணீர் ஊற்றி, காம்பு நனையும்படி இலையை வைத்து, வாயை மெல்லிய துணியால் கட்டினார்.

"இதுலேருந்து தத்துப்பூச்சி வந்தா மருந்து அடிங்க. அதுவரைக்கும் ஓர் இலையும் கிள்ளக் கூடாது."

ஐந்தாம் நாள் குழந்தைவேலு பாட்டிலோடு ஓடிவந்தார். உள்ளே தூசி பறந்துகொண்டிருந்தது. லென்ஸில் பார்த்தால் தூசிக்கு இறக்கை இருந்தது, நீளமாகக் கொம்பும் இருந்தது.

"தாயே, இது குளவியாச்சே! தத்துப்பூச்சி முட்டைக்குள்ள இது எப்படி?"

"அந்த முட்டையைத் தின்னு வளர்ந்தது. இது உள்ளே இருந்தாத்தான் முட்டை சிவக்கும்."

அம்மாள் பாத்திக்கு நடந்து துணியை அவிழ்த்தார். தூசி வெண்டை இலைகளுக்குள் போய் மறைந்தது.

குழந்தைவேலுவுக்குக் கண் கலங்கியது. "ஒன்பது கூடை எரிச்சுட்டேனே! பந்திக்குக் காய் தேறுமா?"

செடியின் நுனியில் புது இலை ஒன்று விரிந்திருந்தது. அம்மாள் அதைத் திருப்பி அடிப்பக்கத்தைப் பார்த்தார். ஒரு குஞ்சும் ஓடவில்லை.

"தாராளமாத் தேறும், ஐயா. நீங்க உதவி பண்ணாம இருந்தா."